ஒரு வார்த்தை கேட்டுவிட்டு

ஆவுடையப்பனை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது கடையநல்லூர் பஸ் ஸ்டாண்டில். மதுரை பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தார். வயிற்றில் கட்டி, ஸ்கேன் எடுக்கப் போகிறார் என்று அப்போது எனக்குத் தெரியாது. சலவைச் சட்டை போட்டிருந்தார், ஏதோ கல்யாணத்துக்குப் போகிறார் என்று நினைத்தேன். கீழே நின்றபடி இரண்டு வார்த்தை பேசினேன். பஸ் கிளம்பியது. கையை அசைத்தார். பதினோராம் நாள் சாவுச் செய்தி வந்தது.

அந்தக் கையை அசைத்தார் பாருங்கள் தம்பி, அதை வைத்து எனக்கு ஒரு வருஷம் போய்விட்டது. நல்ல வருஷம், உடம்பு தெம்பாக இருந்த வருஷம்.

நீங்கள் கடையநல்லூரில்தானே இறங்குகிறீர்கள்? டிக்கெட் வாங்கும்போது காதில் விழுந்தது. நான் புளியங்குடி. ரயில்வே கேட் திறக்க இன்னும் நேரமாகும். ஒரு வண்டி போனதும் எதிர்வண்டி ஒன்று வரும், அதற்கும் சேர்த்துத்தான் அடைப்பான். கண்டக்டரே இறங்கி டீக்கடைக்குப் போய்விட்டார். நாம் இறங்கலாம் என்றால் நடைவழியில் யாரோ வெங்காய மூட்டையை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஆக நீங்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

என் பெயர் நல்லசிவன். டெலிபோன் டிபார்ட்மென்டில் முப்பத்து மூன்று வருஷம். வெளியே வந்த பிறகு ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கிப் புத்தகத்தைப் பார்த்து நானாகவே புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டேன். யாரும் சொல்லித் தரவில்லை. சும்மா இருக்க முடியாமல் ஆரம்பித்தது. கடைசியில் ஒரு சாப்ட்வேர் ஆயிற்று. பெயர் செவி. கண் தெரியாதவர்களுக்காகச் செய்தது. கம்ப்யூட்டரில் இருக்கிற தமிழை அது வாய்விட்டுப் படிக்கும். குரல் கொஞ்சம் சளி பிடித்த மாதிரி இருக்கும். ஆனால் படித்துவிடும்.

எண்தான் அதற்கு வரவில்லை. எண் என்றால் சாதாரணம் என்று நினைப்பீர்கள். நூறு இருக்கிறது, அதோடு ஐந்து சேர்ந்தால் நூற்று ஐந்து. ஆயிரம், ஆயிரத்து என்று வளைகிறது. எட்டும் நூறும் சேர்ந்தால் எண்ணூறு. ஒன்பதும் நூறும் சேர்ந்தால் தொள்ளாயிரம், அதில் ஒன்பதும் இல்லை நூறும் இல்லை. நாம் பேசும்போது தானாக வருகிறது, அதற்குச் சொல்லிக்கொடுக்கும்போதுதான் தெரிகிறது. என் புரோகிராம் "ஒன்பது நூறு" என்று படித்துக்கொண்டிருந்தது. கேட்டவர்கள் சிரித்தார்கள்.

ஆவுடையப்பன் பத்திர எழுத்தர். பத்திரத்தில் எந்த எண்ணையும் இரண்டு தடவை எழுத வேண்டும், எண்ணால் ஒரு தடவை, எழுத்தால் ஒரு தடவை. சர்வே நம்பர், செண்டு, தேதி எல்லாம். எழுத்தில் ஒரு கொம்பு தப்பினால் பத்திரம் திரும்பி வந்துவிடும். அந்த மனிதர் தன் ஆபீஸ் கம்ப்யூட்டருக்காக ஒரு பட்டியல் செய்து வைத்திருந்தார். எண்ணூற்று நாற்பது வரி. எந்த எண்ணைக் கொடுத்தாலும் எழுத்தாக வந்து விழும். தப்பே வராது. எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஒரு நாள் பென் டிரைவைக் கொண்டுவந்து என் மேஜையில் போட்டார்.

"ஓய், பிரிண்டர்ல 'தொ' வரமாட்டேங்கு. தொள்ளாயிரம்லாம் ஒள்ளாயிரமா வருது. என்னன்னு பாரும்வே" என்றார்.

பார்த்தேன், சரி செய்தேன், பென் டிரைவைத் திருப்பிக் கொடுத்தேன். பட்டியல் என் கம்ப்யூட்டரிலும் இருந்தது. அதைச் செவிக்குள் வைத்தேன். அவர் கையாலேயே என் கையில் கொடுத்த பொருள். கொடுத்தாரா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்.

செவியை வெளியிட்டபோது திருநெல்வேலியில் சின்னதாக ஒரு கூட்டம் வைத்தார்கள். மேடையில் நான் ஆவுடையப்பன் பெயரைச் சொன்னேன். "எண்கள் பகுதி என் நண்பர் மனமுவந்து தந்தது" என்று சொன்னேன். கைதட்டினார்கள். பத்திரிகையிலும் அப்படியே வந்தது. வேறு யாராவது என்றால் பெயரையே சொல்லியிருக்க மாட்டார்கள். அவரைக் கூப்பிட வேண்டும் என்றுதான் இருந்தேன். அழைப்பிதழ் குறைவாக அடித்துவிட்டார்கள்.

அதற்கு மூன்று மாதம் கழித்துத்தான் அந்த பஸ் ஸ்டாண்ட்.

பிறகு ஒன்பது வருஷம் ஒரு குறையும் இல்லை. உலகம் முழுக்க இருந்து ஆட்கள் சேர்ந்து சம்பளமில்லாமல் செய்கிற இலவச இயங்குதளம் ஒன்று இருக்கிறது, அதில் செவியைச் சேர்த்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடங்களுக்குக் கொடுக்கிற கம்ப்யூட்டரில் அதுதான் வரும். எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசீர்வாதம் என்று ஒரு சரித்திர வாத்தியார், இரண்டு கண்ணும் தெரியாது. பாடம் முழுக்கச் செவியில் கேட்டுவிட்டுத்தான் வகுப்புக்குப் போவார். "சார், உங்க மிஷின் ஆயிரத்து எண்ணூற்று ஆறுன்னு சொல்லும்போது ஒரு கம்பீரம் இருக்கு சார்" என்பார். எனக்கு அது போதுமாக இருந்தது.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஒரு போன் வந்தது. துஷ்யந்தி என்று ஒரு பெண். சொந்த ஊர் யாழ்ப்பாணம், இப்போது நார்வேயில் இருக்கிறது. அந்த இயங்குதளத்தில் தமிழ்ப் புரோகிராம்களின் உரிமத்தைச் சரிபார்க்கிற வேலை அதற்கு.

"ஐயா, எண் பட்டியலுக்கு மேல மூண்டு வரி விளங்காத எழுத்தாக் கிடக்கு. பழைய எழுத்துருவில இருந்து மாத்திப் பார்த்தனான். வாசிக்கட்டே?"

"வாசிம்மா."

"எண் எழுத்துப் பட்டியல். எழுதியவர் ஆ. ஆவுடையப்பன், பத்திர எழுத்தர், கடையநல்லூர். வேண்டியவர்கள் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுத்துக்கொள்ளலாம்." வாசித்து முடித்ததும் கேட்டது. "நீங்கள் கேட்டனீங்கள்தானே ஐயா?"

"கேட்டேன்" என்றேன்.

போனில் ஒரு பெண் திடீரென்று கேட்டால் வேறு என்ன சொல்வார்கள், தம்பி?

"நல்லது ஐயா. எழுத்தில ஏதும் இருக்கோ?"

"அந்தக் காலத்துல யாரும்மா எழுத்துல கேட்டா. வாய்வார்த்தைதான்."

"அது பரவாயில்லை. ஆனால் இன்னொண்டு. கீழ எண்ணூற்று நாற்பது வரியையும் பழைய எழுத்தில இருந்து நீங்கள்தான் புது எழுத்துக்கு மாத்தியிருக்கிறியள். மேல இந்த மூண்டு வரியை மட்டும் ஏன் மாத்தேல்லை?"

பெயரும் விலாசமும்தானே என்று விட்டுவிட்டேன். அதைத்தான் சொன்னேன். படிக்காமலே பெயரும் விலாசமும் என்று எப்படித் தெரியும் என்று நீங்களும் கேட்பீர்கள். முப்பத்து மூன்று வருஷம் கவர்மென்ட் கடுதாசி பார்த்தவனுக்குத் தலைப்பில் என்ன இருக்கும் என்று தெரியாதா?

அந்தப் பெண் பொறுமையாகத்தான் விளக்கியது. எனக்குத் தெரியாத சங்கதி இல்லை. செவிக்கு நான் போட்ட உரிமம் என்ன? யாரும் எடுக்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம், யாரையும் கேட்க வேண்டாம். அந்த "கேட்க வேண்டாம்" என்பதில்தான் மொத்த இயக்கமும் நிற்கிறது. அதற்குள் வைக்கிற ஒவ்வொரு சின்னப் பொருளுக்கும் அதே பேச்சு இருக்க வேண்டும். பெட்டிக்கு மேல் "கேட்க வேண்டாம்" என்று எழுதிவிட்டு உள்ளே "கேட்டுவிட்டு எடு" என்று ஒரு பொருளை வைத்தால், பெட்டியை வாங்குகிற ஒவ்வொருவனும் தெரியாமல் தப்புச் செய்கிறான். நார்வேயில் இருக்கிறவனும் செய்கிறான், நம் பள்ளிக்கூடமும் செய்கிறது. அதுவும் கேட்பது என்றால் யாரைக் கேட்பது? ஆள் செத்துப்போனார். இனி உலகத்தில் எவனும் அந்த வரிப்படி நடக்கவே முடியாது.

"அவற்ற மனுசி இருக்கிறாவோ? எல்லாரும் எடுக்கச் சம்மதம் எண்டு ஒரு வசனம் எழுதிக் கையெழுத்து வைச்சால் காணும் ஐயா, வேற ஒண்டும் வேண்டாம். மாசி மாசம் முடிய முதல் வேணும். இல்லையெண்டால் பட்டியலைச் செவியில இருந்து எடுக்கத்தான் வேணும்."

நாமே புதிதாக ஒன்று எழுதிவிடலாமே என்று பார்த்தேன். பட்டியலை மூடி வைத்துவிட்டு வெள்ளைத் தாளில் ஆரம்பித்தேன். நாலு நாள் உட்கார்ந்தேன். அவர் பிரித்த மாதிரியே பிரிக்கிறேன். அவர் விட்ட இடத்தில் விடுகிறேன். லட்சத்துக்கு மேலே போகும்போது அவர் ஒரு குறுக்குவழி வைத்திருந்தார், என் கை அதிலேயே போகிறது. துஷ்யந்தியிடம் சொன்னேன். "ஒருக்கால் பார்த்த ஆள் எழுதினால் அது பார்த்து எழுதினதுதான் ஐயா. பார்க்காத ஆரும் எழுதினால்தான் சரி" என்றது. பார்க்காதவன் யார்? ஒன்பது வருஷமாகத் தமிழில் இந்த வேலை செய்கிற அத்தனை பேரும் அந்தப் பட்டியலைத்தான் திறந்து பார்த்திருக்கிறார்கள். நான்தானே எல்லோருக்கும் கொடுத்தேன்.

சரி என்று கடையநல்லூருக்குப் போனேன். ஆவுடையப்பன் சம்சாரம் பெயர் உலகம்மாள். லேசுப்பட்ட ஆள் இல்லை. அந்தக் காலத்தில் அவர் பத்திரம் எழுதி முடித்தால் இந்த அம்மாள்தான் மூலத்தை வைத்துக்கொண்டு வரி வரியாக ஒப்பு நோக்குவாள். ஒரே பெண்பிள்ளை, கட்டிக்கொடுத்தாயிற்று. அம்மா எங்கே போடுகிறாளோ அங்கே அதுவும் கையெழுத்துப் போடும்.

"வாங்க அண்ணாச்சி" என்றாள். "ஒம்பது வருசம் ஆச்சு. வீடு அடையாளம் தெரிஞ்சுதா?"

"தெரியாம என்ன தங்கச்சி. ஒரு சின்ன காரியம்."

விஷயத்தைச் சொன்னேன். இங்கிலீஷில் ஒரு படிவம் கொண்டுபோயிருந்தேன். அதை வாங்கிப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவுக மேல என்னமோ எழுதியிருக்காகன்னு சொன்னீயள்லா. அத வாசிங்க."

"அது சும்மா மரியாதைக்கு ஒரு வரி."

"வாசிங்க அண்ணாச்சி."

வாசித்தேன். வேண்டியவர்கள் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுத்துக்கொள்ளலாம்.

"சரி" என்றாள். சொல்லிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் உரிமம் என்றால் என்ன, இயங்குதளம் என்றால் என்ன, ஒரு உரிமத்துக்குள் இன்னொரு உரிமம் வந்தால் என்ன ஆகும் என்று எல்லாவற்றையும் முழுசாக விளக்கினேன். அரை மணி நேரம். தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. அவளும் குறுக்கே பேசவில்லை. முடித்ததும், "காப்பி குடிக்கீயளா?" என்றாள். அவ்வளவுதான். படிவத்தை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

இங்கிலீஷில் இருந்ததுதான் கோளாறு என்று இரண்டாவது தடவை தமிழில் எழுதிக்கொண்டு போனேன். பத்திர நடையிலேயே எழுதினேன், அவளுக்குப் பழக்கமாக இருக்கட்டும் என்று. "மேற்படி பட்டியலை அனைவரும் பயன்படுத்திக்கொள்ள என் கணவர் தம் வாழ்நாளில் நல்லசிவன் அவர்களுக்கு வாய்மொழியாக அளித்த சம்மதத்தை இதன்மூலம் உறுதி செய்கிறேன்." நன்றாகத்தானே இருக்கிறது?

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பென்சிலோடு உட்கார்ந்தாள். 'மேற்படி' இரண்டு இடத்தில் வருகிறது, எந்த மேற்படி என்று ஒரு சுழி. தேதி எண்ணால் மட்டும் இருக்கிறது, எழுத்தால் இல்லை என்று ஒரு சுழி. பள்ளிக்கூடப் பையன் மாதிரி நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். பிறகு 'அளித்த' என்ற வார்த்தைக்குக் கீழே கோடு போட்டாள்.

"எப்ப அளிச்சாக?"

"கடைசியா பாத்தப்ப. பஸ் ஸ்டாண்டுல."

"நானும் அந்த பஸ்சுலதான இருந்தேன் அண்ணாச்சி. இந்தப் பக்கத்து சீட்டுல."

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த அம்மாளுக்கு என் மேல் ஒரு இது இருந்திருக்கிறது. அன்றைக்கு நான் அவளைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கத்தில் அவர், அவருக்கு அந்தப் பக்கம் இவள். கூட்டத்தில் தெரியவில்லை. ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை என்று மனத்தில் வைத்திருக்கிறாள்.

"அந்த வரிய அடிச்சிருங்க" என்றாள். "இன்ன தேதியில நேர்ல வந்து கேட்டார், நான் கொடுத்தேன். அப்படி எழுதிட்டு வாங்க. இப்பமே கையெழுத்துப் போடுதேன். மகளையும் வரச் சொல்லுதேன்."

பாருங்கள், எப்படிப் பிடிக்கிறாள் என்று. இன்றைக்கு வந்து கேட்டேன் என்று எழுதினால், அன்றைக்குக் கேட்கவில்லை என்று ஆகிவிடாதா? துஷ்யந்தியிடம் கேட்டேன் என்று சொல்லியாயிற்று. மேடையில் மனமுவந்து தந்தார் என்று சொல்லியாயிற்று, பத்திரிகையில் இருக்கிறது. என் பேரன் அதை வெட்டிப் பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறான். ஒரு வரிக்காக இத்தனையையும் பொய் ஆக்கு என்கிறாள். கையெழுத்துப் போடுகிறேன் என்றுதான் சொல்கிறாள். ஆனால் போட முடியாதபடி சொல்கிறாள்.

"தங்கச்சி, இதுல பிடிவாதம் பிடிக்கக் கூடாது. கண்ணு தெரியாதவங்க விசயம்" என்றேன்.

"நான் என்னத்தப் பிடிச்சேன்? நீங்க இன்னும் கேக்கவே இல்லையே அண்ணாச்சி."

அரை மணி நேரம் பேசினேன், தம்பி! முதல் தடவை அரை மணி நேரம், இரண்டாவது தடவை முக்கால் மணி நேரம். கேட்கவில்லை என்கிறாள். காது மந்தமோ என்று கூட நினைத்தேன். என் வீட்டுக்காரி இருந்திருந்தால் அவளை அனுப்பியிருப்பேன், பெண்ணுக்குப் பெண் பேசி முடித்திருப்பார்கள். அவள் போய் ஆறு வருஷம் ஆகிறது.

மூன்றாவது தடவை ஆசீர்வாதம் சாரைக் கூட்டிக்கொண்டு போனேன். கண் தெரியாதவர் வாசலில் வந்து நின்றால் மனம் இளகும் என்று ஒரு கணக்கு. பஸ்ஸில் போகும்போதே அவருக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தேன், உரிமம், கெடு, மாசி மாசம். அந்த மனிதர் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். அங்கே போய் உட்கார்ந்ததும் நான் சொன்னதில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை.

"அக்கா, உங்க வீட்டுக்காரர் எழுதினத நான் ஒம்பது வருசமா காதால கேட்டுக்கிட்டு இருக்கேன். அவருன்னு தெரியாமலே கேட்டுட்டேன். இனிமேயும் கேட்டுக்கிடலாமா?"

அவ்வளவுதான் சொன்னார். அந்த அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அவுக எழுதினது எப்படி சார் இருக்கும், கேக்கதுக்கு?"

"தப்பே வராதுக்கா."

"வராது" என்றாள். "தாராளமா கேளுங்க சார்."

உள்ளே போய் ஒரு தாளை எடுத்துவந்து அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். தேதி எண்ணாலும் எழுத்தாலும். கையெழுத்துப் போட்டு மடித்து அவர் சட்டைப் பையில் வைத்தாள். எனக்குக் காட்டவில்லை. நான் காரியம் முடிந்தது என்று சந்தோஷமாகத்தான் வந்தேன். பஸ்ஸில் வாங்கிப் படித்துப் பார்த்தால், ஆசீர்வாதம் சார் அவர்கள் மட்டும் ஆயுள் காலம் வரை பயன்படுத்திக்கொள்ள என்று எழுதியிருக்கிறாள்!

ஒருவருக்கு மட்டும் என்றால் அது எதற்கு ஆகும்? எல்லோருக்கும் என்றால்தான் உரிமம். இது இருந்ததைவிட மோசம். கீழே இன்னும் ஒரு வரி இருந்தது. வண்டி ஆட்டத்தில் அதைச் சரியாகப் பார்க்கவில்லை.

ஒரு நிமிஷத்தில் அவருக்குக் கொடுத்துவிட்டாள். நான் மூன்று தடவை நடந்திருக்கிறேன். இதில் என்ன நியாயம் என்று நீங்கள் சொல்லுங்கள். ஆசீர்வாதம் சார் நல்லவர், திரும்பவும் போன் போட்டு எல்லோருக்குமாக அந்த அம்மாளிடம் கேட்டுப் பார்த்திருக்கிறார். "எடுத்தவுக வந்து கேக்கட்டும் சார்" என்றாளாம்.

மாசி முடிய எட்டு நாள் இருந்தது. துஷ்யந்திக்குப் போன் போட்டேன். அந்த அம்மாள் வயதானவள், புரியவில்லை, கையெழுத்து வாங்க முடியாது, வேறு வழி உண்டா என்றேன்.

"நீங்கள் நேர கேட்டனீங்கள், அவர் ஓமெண்டு சொன்னவர். அதை நீங்களே சத்தியக் கடதாசியில எழுதித் தந்தால் நான் மற்ற ஆக்களோட கதைக்கிறன். நீங்கள் சொன்னால் நான் நம்புவன் ஐயா. கண் தெரியாத என்ர அப்பாவும் உங்கட செவியைத்தான் கேட்டுக்கொண்டு இருந்தவர், கடைசிவரைக்கும்."

அப்படிச் சொன்ன பிறகு என்ன செய்வது?

தென்காசியில் ஒரு நோட்டரி. முத்திரைத்தாளில் டைப் செய்துகொண்டு போனேன். கடையநல்லூர் பஸ் ஸ்டாண்டில் வைத்து மேற்படி ஆவுடையப்பனிடம் நான் கேட்டதாகவும், அவர் கையசைத்துச் சம்மதம் தெரிவித்ததாகவும். நோட்டரி வெற்றிலை போடுகிற ஆள். வாயை அண்ணாந்துகொண்டு படித்தார்.

"கையசைத்துன்னா எப்படி? எடுத்துக்கோன்னு அசைச்சாரா, போயிட்டு வாரேன்னு அசைச்சாரா?"

"சம்மதமாத்தான் அசைச்சார்."

"நீரு என்னய்யா கேட்டீரு?"

"நம்ம செவி வெளியாயிருக்கு ஆவுடை, உம்ம எண்ணு அதுல இருக்குன்னு சொன்னேன்."

"அது கேக்கதா, சொல்லுததா?"

"ரெண்டும் ஒண்ணுதானே சார்."

"அவரு என்ன சொன்னாரு?"

"காதுல கைய வச்சார். பஸ் சத்தம். நான் திரும்பவும் 'செவி'ன்னு கத்தினேன். பஸ் எடுத்துட்டான். கைய அசைச்சார்."

நோட்டரி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "எனக்கென்ன, சத்தியம் உம்மோடது" என்று சீல் குத்தினார். அவர்கள் எல்லோரிடமும் அப்படித்தான் பேசுவார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். அவர் கையை அசைத்தது உண்மை. நான் கண்ணால் பார்த்தேன்.

அனுப்பினேன். துஷ்யந்தியிடமிருந்து பதில் வந்தது, "மெத்தப் பெரிய உதவி ஐயா." பட்டியல் இருக்கலாம் என்று முடிவாயிற்று. ஆறு நாள் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஏழாம் நாள் ஆசீர்வாதம் சார் போன். "சார், உங்களுக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னு அக்கா கொடுத்த தாள நானும் படம் எடுக்கச் சொல்லி நார்வேக்கு அனுப்பிட்டேன் சார்." என்னைக் கேட்காமல் அனுப்பியிருக்கிறார், தம்பி. ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? என் புரோகிராம், என் விவகாரம்.

அன்றைக்கே துஷ்யந்தி கூப்பிட்டது.

"ஐயா, ரெண்டு கடதாசி கிடக்கு. அம்மா எழுதினதில கடைசி வரி பார்த்தனீங்களோ?"

"இல்லம்மா."

"'இவர் நேரில் கேட்டதன்பேரில் கொடுத்தேன். இதற்கு முன் யாரும் எங்களிடம் கேட்டதில்லை.' அப்பிடிக் கிடக்கு."

"அந்தம்மாவுக்கு என்னம்மா தெரியும்? பஸ்ல சத்தம்."

"அவ அந்த பஸ்ஸில இருந்தவவோ?"

'பஸ்ல சத்தம்' என்ற அந்த வார்த்தை எப்படி என் வாயிலிருந்து வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். திட்டவில்லை.

"ஐயா, இனி நீங்கள் சொன்னனீங்கள் எண்டு நான் மற்ற ஆக்களிட்டைப் போய்ச் சொல்லேலாது. பட்டியலை எடுக்கிறன். செவியை இனி வேற ஆள் பார்க்கட்டும். உங்கட பேர் இருக்கும், எழுதினவர் எண்டு." பிறகு மெதுவாக, "அம்மாவிட்டை இப்ப போய்க் கேட்டாலும் காணும் ஐயா. வந்தால் திரும்பப் போடலாம். நான் வைச்சிருக்கிறன்" என்றது.

இரண்டு பேருக்கு நடுவில் மாட்டிக்கொண்டேன் என்பதுதான் நடந்தது. ஒருத்தி பழைய கோபத்தில் ஒரு வரி எழுதுகிறாள், ஒருவர் கேட்காமல் அனுப்புகிறார், எங்கோ இருக்கிற பெண் அதை நம்புகிறது. இலவசமாகப் பத்து வருஷம் உழைத்தவன் பேச்சு எடுபடவில்லை. உங்களிடம் சொல்கிற மாதிரி எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன், இந்த பஸ்ஸிலேயே சொல்லியிருக்கிறேன். வாரம் ஒரு தடவை தென்காசிக்கு மாத்திரை வாங்க வருவேன், போகும்போதும் வரும்போதும் கடையநல்லூர் வழியாகத்தானே போக வேண்டும்? பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் முதல் சந்து, பச்சைக் கதவு. பஸ் நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் கொடியில் சேலை காய்வது கூடத் தெரியும்.

கேட் திறந்துவிட்டான். மூட்டையைக் கொஞ்சம் தள்ளிக்கொள்ளுங்கள், வேட்டியில் படுகிறது.

என்ன கேட்டீர்கள்? நானும் உங்களோடு இறங்கி ஒரு எட்டு போய்விட்டு வரலாமே என்றா? எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். நான் சொன்னதை நீங்கள் சரியாகக் கேட்கவில்லை. இப்போது போய்க் கேட்டால் அன்றைக்குக் கேட்கவில்லை என்று ஆகிவிடும். மேலும் டிக்கெட் புளியங்குடி வரைக்கும் எடுத்திருக்கிறேன்.

ஆசீர்வாதம் சாரிடம் பழைய கம்ப்யூட்டரில் பழைய செவி இருந்தது. அந்த அம்மாள் எழுதிக்கொடுத்த தாளின்படி அவர் மட்டும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். போன மாதம் அந்த மிஷின் நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்தில் புதியது கொடுத்திருக்கிறார்கள், புதிய செவி. மற்றதெல்லாம் நன்றாகவே படிக்கிறது, குரல் கூட முன்னைவிடத் தெளிவு. ஆண்டு வரும் இடத்தில் மட்டும் ஒன்று, எட்டு, சுழியம், ஆறு என்று சொல்கிறது.